முனி எல்லையில நின்ன டர்பன்டைன் மரம்

போன மாசம் டயகம பக்கம், எங்க தேயிலத் தோட்டத்து லயத்துக்கு வெளிநாட்டு அம்மா வர்றாங்கன்னு சொன்னாங்க. வெள்ளக்காரியா இருக்கும்னு ஆளாளுக்கு நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்கிட்டு நின்னோம். வேன்ல இருந்து எறங்குனது யாரு? நம்ம தோட்டத் தலைவரு சம்சாரம் மாரியாயிக்கு அக்கா மாதிரி ஒருத்தி!

ஆப்பிரிக்காவுல கென்யாவாம். அவங்களும் கொழுந்து பறிக்கிறவங்கதானாம். ஊருல காட்டயும் தண்ணியயும் காப்பாத்த ஒரு சங்கம் வச்சிருக்காங்களாம். கென்யாக்கான்னு பேரு வச்சாச்சு. அவங்க பேசுறத எங்க பள்ளிக்கூடத்து டீச்சர் தமிழ்ல சொன்னாங்க.

எங்க கவல ஒன்னுதான் – தண்ணி. லயத்துக்கு மேல ஊத்துத் தண்ணி வந்து விழுற பீலியில முன்ன கொடத்த வச்சா நெறஞ்சு வழியும். இப்ப? சொட்டு... சொட்டு... வேல விட்டு வந்து கீழ் டிவிசனுக்குக் கொடத்தத் தூக்கிட்டு நடக்குறோம்.

கென்யாக்கா ஊத்துக்கண்ணுக்கு ஏறிப் போனாங்க. முனி கல்லு இருக்குற எடம். செருப்பக் கழட்டுனாங்க பாருங்க – யாருமே சொல்லல! அப்புறம் ஊத்தச் சுத்தி நிக்கிற டர்பன்டைன் மரங்களப் பாத்தாங்க. சளிக்கு எலையக் கொதிக்கவச்சு ஆவி புடிப்போமே, யூக்கலிப்டசுன்னு சொல்ற அந்த மரம்.

"எங்க ஊத்தயும் இதுதான் குடிச்சுச்சு. வெட்டிட்டுப் பழையபடி அத்தி வச்சோம்."

தலைவரு மொகம் சுருங்கிருச்சு. மரம் நடுற விழான்னு கழுத்துல மால போட்டுக்கிட்டு அதுகள நட்டதே அவருதான். முனிக்குப் பூச வைக்கிறதும் அவருதான்.

"முனி எல்லைக்குள்ள நின்னா அது முனி மரம். எவன் கைய வைப்பான்?"

முனி பேரச் சொல்லித் தப்பிச்ச மரம் எத்தனையோ... இந்தத் தண்ணி குடிக்கிற தடியனுங்களும் அதுல சேந்துட்டானுங்க!

கென்யாக்கா சிரிச்சாங்க. "எங்க ஊத்துக்கும் சாமி இருக்கு. நாங்களும் கேக்காம வெட்டல. நீங்க கேட்டீங்களா?"

அட, ஆமால்ல? பூக்கட்டிப் பாத்துருவோம்! சிவப்பு வந்தா மரம் நிக்கட்டும், வெள்ள வந்தா வெட்டிறணும். தோட்டத்துத் தொரையும், "ஒங்க முனிக்குச் சரின்னா எனக்கும் சரி"ன்னு சொல்லியனுப்பிட்டாரு.

பூவ ரெண்டு எலையில மடிச்சவ மாரியாயி. புருசன் குளிக்கிற தண்ணியும் அவ இடுப்புலதான ஏறி வருது?

தலைவரே கண்ண மூடி ஒன்ன எடுத்தாரு. பிரிச்சா – வெள்ள!

"முனியே சொன்னப்புறம் நான் யாரு?"ன்னு மொத வெட்டு அவருதான் வெட்டுனாரு.

இப்ப அங்க அத்திக் கன்னு நிக்கிது. தண்ணி நாளைக்கே கொட்டிறாது, பொறுக்கணும்னு கென்யாக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க. கடலுக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, சாமி பேரச் சொன்னாத்தான் மனுசன் காட்ட விட்டு வைக்கிறான்.

அன்னிக்கு பிரிக்காத இன்னொரு பொட்டலம் கீழ கெடந்துச்சு. எடுத்துப் பிரிச்சேன் – அதுலயும் வெள்ளப் பூதான். மாரியாயி என்னயப் பாத்தா... நான் அந்தப் பூவ வெத்தலையோட சேத்து இடுப்புல சொருகிக்கிட்டேன்.