ரீத்தாவின் கார்டில் ஒரு முக்கோணம்

எங்கள் தீவின் பத்துபஸ்தியில் என் வீட்டுக்கும் கஸ்பார் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் விமானம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடும். கஸ்பாரின் கிதார் போகாது. பன்னிரண்டு வருடமாக அங்கேயேதான் இருக்கிறது.

கஸ்பார் படகு எஞ்சின் மெக்கானிக். ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட் படகைப் பழுது பார்க்கப் போனபோது, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சர்ஃப் கிதார் வாசிப்பதைக் கேட்டுவிட்டார். பலகை வைத்து அலைமேல் சறுக்கும் வெளிநாட்டு இளைஞர்களின் இசையாம். ஒரே கம்பியை மேலும் கீழுமாக, நிறுத்தாமல், கை இருக்கும் இடம் தெரியாத வேகத்தில் அடிக்க வேண்டும்.

"பக்தண்ணே, முழு வேகத்துல எஞ்சின் ஓடுத மாதிரியே இருக்கு" என்று என்னிடம் வந்து சொன்னார். பக்தவத்சலம் என்ற என் பெயரை முழுசாகச் சொல்லக்கூட அவருக்குப் பொறுமை கிடையாது. நல்ல எஞ்சின் என்றால் சத்தம் குறைவாக இருக்க வேண்டுமே என்றேன். காதில் விழவில்லை.

அன்றிலிருந்து அவருடைய வலது மணிக்கட்டு அந்த வீட்டின் செல்லப்பிள்ளை. ஸ்பேனரை இடது கையால் பிடிப்பார். மாதா கோயிலில் பூசையின்போது சமாதானம் சொல்ல இடது கையை நீட்டுவார். தேங்காய் துருவச் சொன்னால், "மணிக்கட்டு போயிரும்டி" என்பார். அவர் மனைவி ரீத்தா என் வீட்டுக்கு வந்து, "எனக்கு வாய்ச்சது இவரு இடது கை மட்டுந்தான் அண்ணே" என்று புலம்புவார்.

கஸ்பாரின் லட்சியம் ஒன்றுதான். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றைக் கை ஒருமுறைகூடத் தடுமாறாமல் வாசித்து முடிக்க வேண்டும். மூன்றேகால் நிமிடத்தில் எப்போதும் சிக்கும். குற்றம் கையில் இல்லையாம், பிக்கில் இருக்கிறதாம். கம்பியை அடிக்கும் சின்ன முக்கோண வில்லைக்குப் பிக் என்று பெயர். கடையில் விற்பது கனத்த கம்பிக்கு வளைந்துவிடுகிறது என்று, காலாவதியான பிளாஸ்டிக் கார்டுகளை வெட்டி அவரே செய்ய ஆரம்பித்தார். தெருவில் யாருடைய ஏடிஎம் கார்டு செத்தாலும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். நானே இரண்டு கொடுத்திருக்கிறேன். புத்தி கெட்ட நேரம், வேறென்ன சொல்ல?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பாட்டு மூன்றேகால் நிமிடத்தைத் தாண்டியது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். நான்கு நிமிடமும் ஓடி முடிந்தது. "அல்லேலூயா!" என்று கஸ்பார் கத்தினார். சாதித்தாயிற்று, இனி விட்டுவிடுவார் என்று எனக்கும் சந்தோஷம். காபி ஆறுவதற்குள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அந்த வாரமே புதன்கிழமை ரீத்தா ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்தார். கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது அடியேன்தான். மகள் ஜாக்குலினுக்குத் தூத்துக்குடியில் மாதக் கடைசியில் பிரசவம். சென்னைக்கு வெள்ளிக்கிழமை கப்பல். அடுத்த கப்பல் எப்போது என்று கப்பலுக்கே தெரியாது. விமானம் என்றால் ரீத்தாவுக்கு நடுக்கம். கஸ்பாரோ, ஊர்ப் படகையெல்லாம் ஓட வைக்கிறவர், கப்பல் ஏறினால் மூன்று நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடப்பார். அதனால் ரீத்தா மட்டும் போவதாக ஏற்பாடு.

தீவுக்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள்தான் மீதி இருந்தன. அதற்கு ஐலண்டர் கார்டு என்ற தீவுவாசி அடையாள அட்டை வேண்டும். ரீத்தா உறையோடு நீட்டினார். உருவினேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் முக்கோணமாக ஓர் ஓட்டை. அதன் வழியாக ரீத்தாவின் நிஜ முகம் தெரிந்தது.

"என்னம்மா இது, எலியா?"

"எலி இவ்வளவு நேர்த்தியா வெட்டாது அண்ணே" என்றார் ரீத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

போன் போட்டதும் கஸ்பார் கிரீஸ் கையோடு ஓடி வந்தார்.

"காலாவதியான கார்டுன்னு நெனச்சேன் பக்தண்ணே. பழசும் புதுசும் ஒரே உறையில கெடந்துச்சு. படம் இருந்த எடந்தான் நல்ல கனம். ஞாயித்துக்கெழம பாட்டு முடிஞ்சதே இதாலதான்."

"எம் மூஞ்சி இருக்கேன்னுகூடவா பாக்கல?" என்றார் ரீத்தா.

"கனத்தத்தான் பாத்தேன், ஏட்டி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன்? பன்னிரண்டு வருடத்துக்கு இன்றுதான் விடிவு.

"வெட்டுன துண்டைக் கொண்டாங்க, ஒட்டிப் பார்ப்போம். கப்பல் ஏறும்போதும் கார்டைப் பார்ப்பாங்க. சென்னையில திரும்பி வர டிக்கெட் எடுக்கவும் இதே கார்டுதான்" என்றேன்.

கெஞ்சுவார், வேறு வழி கேட்பார் என்று நினைத்தேன். கஸ்பார் சட்டைப் பையிலிருந்து பிக்கை எடுத்தார். ஒருமுறை விரலால் தடவினார். கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டார். அதில் ரீத்தாவுக்குக் கண்ணும் மூக்கும் இருந்தன. மோவாய் கம்பியில் தேய்ந்து போயிருந்தது. டேப் போட்டு ஒட்டி, டிக்கெட்டைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஹாடோ துறைமுகத்துக்குள் கஸ்பாரைப் பாஸ் எடுத்து அழைத்துப் போனேன். கார்டைப் பார்த்த ஊழியர், "மோவாய் கிதர் கயா?" என்று, மோவாய் எங்கே போனதென்று கேட்டுச் சிரித்துவிட்டு ரீத்தாவை மேலே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் ரீத்தா கப்பலின் மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏங்க! செக்கிங் முடிஞ்சுட்டு! இந்தாங்க, ஒங்க சீதனம்!"

கைக்குட்டையில் எதையோ முடிந்து வீசினார். கஸ்பார் வலது கையாலேயே பிடித்தார். பிரித்தால், கார்டிலிருந்து டேப்பைப் பிய்த்து எடுத்த அதே பிக். அந்த மனுஷன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இரண்டு விரல்களுக்கு நடுவில் அதைப் பிடித்துக்கொண்டதும் மணிக்கட்டு தானாக ஆட ஆரம்பித்தது. எனக்குத் தலைவலியும் ஆரம்பித்தது.

திடீரென்று கை நின்றது. கஸ்பார் மேலே ரீத்தாவைப் பார்த்தார். ஏணியை எடுக்கப் போகிறார்கள். "அரே, ருகோ! ருகோ பாய்!" என்று நிறுத்தச் சொல்லி அலறிக்கொண்டு ஓடினார். அங்கே நின்ற மாலுமியின் கையில் பிக்கைத் திணித்து, மேலே காட்டினார்.

"ஒங்களுக்குத்தான எறிஞ்சேன்! என்னத்துக்குத் திருப்பிக் குடுக்கிய?" என்று ரீத்தா கத்தினார்.

கஸ்பாரின் கண்கள் நிறைந்துவிட்டன. அவற்றைத் துடைக்கவும் இல்லை.

"இது இல்லாம அங்கன ஒனக்கு எவன் டிக்கெட் குடுப்பான்? பாட்டு கெடக்கட்டும். நீ திரும்பி வரணும்லடி!"