டவுன் வரைக்கும்

ஆண்டிமடத்துக்குக் கிழக்கே, முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர் எங்களுடையது. எங்களுக்கு டவுன் என்றால் அரியலூர்தான். யுத்தம் முடிந்த மறுவருஷம், அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். டவுனில் வாக்கப்பட்டவள் என்று என் வயசுப் பெண்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

வந்து பார்த்தால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். வந்தாலும் பேச்சு குறைவு. ஊரில் நான் தனியாக உட்கார்ந்து சோறு தின்றதே கிடையாது. இங்கே தினமும் அப்படித்தான் தின்றேன். பல நாள் பாதியிலேயே கையைக் கழுவிவிடுவேன். பக்கத்து வீட்டு அக்கா நல்லவர்தான். ஆனால் ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னோடு எவ்வளவு நேரம் பேசுவார்?

நாலு மாசம் ஓட்டினேன். ஒரு நாள் ராத்திரி, என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவரிடம் அழுதேன். அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் கதவைப் பூட்டி, பையை எடுத்துக்கொண்டு, சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

"டவுன் வரைக்கும் போயிட்டு வரேங்க்கா."

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர் சரி என்று தலையாட்டினார்.

கடைத்தெருவில் எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. அவர் கடைப் பக்கம் போகக் கூச்சம். நடந்து நடந்து ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன். துணி துவைத்தபடி பெண்கள் மாமியார் கதை, மாட்டுக் கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டேன். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. வெயில் தாழும்வரை எழுந்திருக்க மனசு வரவில்லை.

திரும்பி வந்தபோது அக்கா வாசலுக்கு ஓடி வந்தார். "நீ திருச்சிக்குப் போவலியா?"

அப்போதுதான் புரிந்தது. அரியலூர்க்காரர்களுக்கு டவுன் என்றால் திருச்சி. தாங்கள் இருக்கிற இடத்தை அவர்கள் ஊர் என்றுதான் சொல்வார்கள். தலைவலி என்று என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சீக்கிரமே வந்திருக்கிறார். நான் டவுனுக்குப் போயிருப்பதாக அக்கா சொன்னதும், வீட்டுக்குள்கூட வராமல் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிவிட்டார். திருச்சியில் என் சித்தி இருந்தாள். கோபித்துக்கொண்டு அங்கே போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

காலையில் வந்தார். சட்டையெல்லாம் ரயில் கரி. வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். உள்ளே வந்து இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

"சித்தி வூட்ல வரலைன்னுட்டாங்க. ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன்" என்றார்.

நான் ஏரிக்கரைக்குப் போனதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கரிச் சட்டையைக் கழற்றினார்.

"இங்க டவுன்னு சொல்லாத. கடைத்தெருன்னு சொல்லு." அப்புறம், "எங்க போனாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ" என்றார்.

குளித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார். வீடு பழையபடி அமைதியாகிவிட்டது. அவர் தூக்கை எடுக்காமல் போனதை அப்புறம்தான் கவனித்தேன். மத்தியானம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாளும் கொண்டுபோனேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார், பிறகு பழகிவிட்டார். துணி மூட்டைகளுக்குப் பின்னால் அவர் சாப்பிடுவார், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம்.