அக்காள் நடந்த கரையும் நான் மிதித்துப் பார்த்த மேடும்

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மாம்பலம் ஏரியைத் தூர்த்த சேற்று நிலத்தில் பதினேழு வீடுகளை எழுப்பியவனும் நான்தான். அங்கே அஸ்திவாரம் நிற்காது என்று படித்தவர்கள் கையை விரித்தார்கள்; நிறுத்திக் காட்டினேன். மயிலாப்பூரில் இரண்டு மாடி வீடு ஒன்று, அடையாற்றில் ஒரு துரையின் பங்களாவுக்குச் சுற்றுச்சுவர், சாந்தோமில் எங்கள் சொந்த வீடு. எதிலும் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. அக்காள் அவர்களின் முதலாண்டு நினைவு மலரில் இவன் பெருமை எதற்கு என்று உறவினர் முகம் சுளிக்கலாம். காரணம் இருக்கிறது. பொறுமையாகப் படித்து வாருங்கள்.

அக்காள் பிறந்தது மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாற்றங்கரைக் குடிசையில். அப்பா சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்து இருமியே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பின்னாலேயே போனார். அப்போது அக்காளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஐந்து. தலையில் கலவைச் சட்டி சுமந்து என்னை வளர்த்தார்கள். பிறகு ஒரு வண்டிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டார்கள். அவரும் நிலைக்கவில்லை, ஒரு மகனை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுபடியும் சட்டியைத் தூக்கினார்கள். நான் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தபோது அக்காள் நெஞ்சில் சுண்ணாம்பு ஏறிவிட்டிருந்தது. அப்பா இருமிய அதே இருமல்.

மருந்தைவிடக் கடற்காற்று நல்லது, தினம் சாயங்காலம் மெதுவாக நடக்கட்டும் என்றார் வைத்தியர். சாந்தோமிலிருந்து தெற்கே அடையாறு கடலில் கலக்கும் இடம் வரைக்கும் போய்த் திரும்புவோம். வலை உலர்த்துகிறவர்களைத் தவிர வேறு ஆள் இருக்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கடல் என்றால் பயம். வேகமாக நடந்து முடித்துவிடப் பார்ப்பேன்.

"டேய், வைத்தியரு நடக்க சொன்னாரு, ஓட சொல்லல. யாரு தொரத்துறா உன்னை?" என்பார்கள்.

முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே கடல் அரித்து அரித்து, மணல் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர்போல் செங்குத்தாக நின்றது. மேலே அடம்பங்கொடி படர்ந்த மேடு. அங்கே காற்று நன்றாக வந்தது. அக்காள் உட்காருவதற்கு அதுவே தோது என்று நான்தான் முடிவு செய்தேன்.

புது மனையில் குதிகாலால் மூன்று முறை ஓங்கி மிதிப்பது என் வழக்கம். உள்ளே பொள்ளல் என்றால் சத்தம் காட்டிக்கொடுக்கும்; கெட்டி என்றால் கால் வலிக்கும். அந்த மிதியை நம்பித்தான் மாம்பலத்தில் பலர் மனை வாங்கினார்கள். அன்றும் மிதித்தேன். கால் வலித்தது. விளிம்பில் துண்டை விரித்து அக்காளை உட்கார வைத்தேன்.

கீழே வலை உலர்த்திக்கொண்டிருந்த சூசையம்மாள், எங்களுக்குப் பழக்கமான மீன்காரம்மா, நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, அங்க போயா அக்காவை குந்த வச்சிகினு கீற? நேத்து அலை அடிய துன்னுட்டு போயிருக்குது. மேலதான் கெட்டி."

"ஏரியையே கட்டிப் போட்டவன் நான். எனுக்கே மண்ணு சொல்லித்தர வந்துட்டியா? நீ போய் மீனைப் பாரு."

"மண்ணு வேற, மணலு வேற நைனா."

அக்காள் சிரித்தார்கள். "அவன் மிதிச்சி பாத்துட்டான் சூசை. கெட்டியாத்தான் இருக்கும்."

சுவர் இடிவதற்கு முன்னால் ஒரு முனகல் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத் தப்பி ஓடி நான் பலமுறை பிழைத்திருக்கிறேன். மணல் முனகவில்லை. என் காலுக்கு ஒரு முழம் முன்னால் தரை இல்லை, துண்டு இல்லை, அக்காள் இல்லை. எட்டிப் பார்த்தேன். கீழே மணல் குவியலில் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன. கால் நகர மறுத்தது. இரண்டு அலை அந்தத் தலைமேல் வந்து போயின. எண்ணினேன், எண்ணத்தான் முடிந்தது. மூன்றாவதற்குத்தான் குதித்தேன். சூசையம்மாள் அதற்குள் ஓடிவந்து, தன் முதுகை அலைக்குக் கொடுத்து, அக்காளின் முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். நான் வெறுங்கையால் தோண்டினேன். தோண்டத் தோண்ட மணல் சரிந்து வந்தது. தலைக்குமேல் மிச்ச மேடு தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வலைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்த பிறகுதான் வெளியே எடுத்தோம். வலது தொடை முறிந்திருந்தது.

செய்தி கேட்டு மகன் அலறிக்கொண்டு ஓடிவந்தான். நான் வாயைத் திறக்குமுன் அக்காள், வலியோடு வலியாக, "நான்தாண்டா ஓரத்துல போனேன். உங்க மாமா வேணாம் வேணாம்னுச்சி" என்றார்கள். சூசையம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தனியாக இருந்தபோது, "ஏங்கா அப்படி சொன்னே?" என்று கேட்டேன்.

"உன் மிதியை நம்பி மாம்பலத்துல மூணு பேரு கடக்கால் தோண்ட காத்துகினு கீறாங்க. எனுக்கு காலுதானே போச்சி. உனுக்கு பேரு போனா வருமா?"

அந்த மூன்று வீடுகளையும் கட்டினேன். மழை பிடித்தால் குடையை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்ப்பேன். சூசையம்மாள் தெருவில் மீன் கூவிக்கொண்டு வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அக்காளோ கால் கூடியதும் கோலை ஊன்றிக்கொண்டு பழையபடி கடற்கரைக்குக் கிளம்பினார்கள். அவர்களுக்குப் பயமில்லை, அவர்கள் பயத்தையும் சேர்த்து நான் பட்டேன். மேட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் நான் நடப்பேன்.

"நண்டைப் பாருடா. மிதிச்சி பாக்காமலே ஊடு கட்டுது" என்று சிரிப்பார்கள். வேறு எந்தச் சொல்லாலும் என்னைக் குத்தியதில்லை.

போன வருஷம் இருமல் திரும்பி வந்து படுக்கையில் தள்ளியது. மகன் பக்கத்தை விட்டு அசையவில்லை. அவனிடம் சொல்லிவிடுவார்களோ என்று, சொல்லக் கூசுகிறது, அப்போதுகூடப் பயந்தேன். அக்காள் தினமும் கேட்டது ஒன்றுதான்: "இன்னிக்கி கரை எங்க கீது?" நான் போய்ப் பார்த்துவந்து சொல்லுவேன். கடைசி நாள், "கடலு ரொம்ப உள்ள வந்துடிச்சிக்கா" என்றேன்.

"அப்ப நீ தள்ளி நில்லுடா" என்றார்கள். அதுதான் கடைசிப் பேச்சு.

தொடையைக் கட்டிய வைத்தியருக்கும், தூக்கி வந்த வலைக்காரர்களுக்கும், காரியத்துக்கு வந்திருந்து தோள் கொடுத்த உறவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சூசையம்மாளுக்கு இரண்டு கடன். அலையைத் தாங்கியது ஒன்று, வாயைக் காத்தது இன்னொன்று.

இந்த மலரை அச்சுக்குக் கொடுக்கும் அக்காள் மகனுக்கு ஒரு வார்த்தை. நீ எழுதிய வரலாற்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "தம்பியின் சொல்லைக் கேளாமல் ஓரத்தில் நடந்து விழுந்து கால் ஊனமுற்றார்" என்று ஒரு வரி வருகிறது. அதை அடித்துவிடு. அக்காள் தம்பியின் சொல்லைக் கேட்டுத்தான் அங்கே உட்கார்ந்தார்கள். நான் கட்டிய வீடு ஒவ்வொன்றிலும் வாசலில் என் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறேன், எங்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இங்கேயும் விடமாட்டேன். அந்த வரி இருந்த இடத்தில், "இடம் பார்த்துக் கொடுத்தவர் தம்பி" என்று போடு. பொடி எழுத்தில் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.