சாலைப் பக்கச் சரிவு

என் தம்பி ஒரு தையல்காரன். அதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் சொல்ல மாட்டான். கேட்டால் "சங்கத் தலைவர்" என்பான். தெருவில் அவனுக்குப் பெயர் கத்திரி.

அந்தப் பெயர் வந்தது ஒரு மருந்துக் கடைத் திறப்பு விழாவில். ரிப்பன் கட்டிவிட்டார்கள், வெட்டக் கத்திரிக்கோல் இல்லை. இவன் தன் கடையிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினான். எடுத்த படத்தில் விருந்தாளியின் முழங்கைக்குப் பக்கத்தில் இவன் முகம் பாதி விழுந்திருந்தது. அந்தப் பாதி முகம்தான் ஆளைக் கெடுத்தது. அதற்கப்புறம் எங்கே எது திறந்தாலும் கூப்பிடாமலே கத்திரியோடு போய் நிற்பான். துணி வெட்ட வாங்கிய கத்திரி ரிப்பன் வெட்டியே மழுங்கிப்போனது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை, அதனால் ஏசுகிறேன். வேறு யாராவது ஏசினால் சும்மா இருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

பிழைப்பை நடத்தியது அவன் பெண்டாட்டி. சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கூடம். அதில் மோட்டார் வைத்த ஆறு தையல் மிஷின். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்தாள். மதியம் மின்சாரம் போனால் சாயங்காலம் வரைக்கும் மிஷின்கள் செத்துக் கிடக்கும். போன வருஷமும் துணி தாமதம், அதற்கு முந்தின வருஷமும் தாமதம். இன்னொரு தடவை தாமதமானால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் போனால் கூடத்துக்குப் பூட்டுதான்.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் திட்டம் கொண்டுவந்தது. பத்துக் குடும்பம் சேர்ந்து சங்கம் வைத்தால், பொதுக் கூடத்தின் கூரையில் சோலார் பேனல் மாட்ட மானியம். தனி ஆளுக்குக் கிடையாதாம், ஊர் கூடித்தான் வெயில் காய வேண்டுமாம். எங்கள் தையல் கூடமே பொதுக் கூடம் என்று முடிவானது. சங்கம் என்றால் தலைவர் வேண்டும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் தம்பி சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

கூரைக்கு இரண்டு சரிவு. பின்சரிவு குப்பைமேட்டைப் பார்த்திருக்கும், நாள் முழுக்க வெயில் அடிக்கும். முன்சரிவு சாலையைப் பார்த்திருக்கும். அதன்மேல் சாலையோரத்து மரங்கள் குடை பிடித்தாற்போல் நிற்கும். மரங்களை நட்டது இன்னொரு இலாகா, அதுவும் ஒரு திட்டத்தில்தான். கிளையை வெட்டினால் அபராதம்.

தையல்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. கோட்டின் முன்பக்கத்துக்கு நல்ல துணி போடுவான், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒட்டுத்துணி வைப்பான். கூரையையும் அவன் கோட்டு மாதிரிதான் பார்த்தான்.

"பின்னாடி மாட்டினா யாரு பார்ப்பாங்க அக்கா?" என்றான்.

"சூரியன் பார்க்கும்டா."

"சூரியனா வந்து படம் எடுக்கப்போவுது?"

திட்டத்து அதிகாரியும் அதையே சொன்னார். சாலைப் பக்கம் தலைவர் பேரோடு வைக்கிற சங்கத்துப் போர்டும் பேனலும் ஒரே படத்தில் தெரிந்தால்தான் மானியம் வருமாம். மாட்ட வந்த ஃபிட்டருக்குப் பேனலுக்கு இவ்வளவு என்று கூலி. வெயிலுக்கு இவ்வளவு என்று யாரும் பேசவில்லை, அவன் ஏன் வாயைத் திறக்கிறான்? நிழலில் வரிசையாக மாட்டிவிட்டுப் போனான். திறப்பு விழாவில் தம்பியின் முகம் முழுசாகப் படத்தில் வந்தது. மறுநாள் மதியம் மின்சாரம் போனது. மிஷின்கள் ஒரு சட்டைக் கையை மூட்டி முடிப்பதற்குள் நின்றன. பேட்டரி காலி.

தம்பி பெண்டாட்டி அழவில்லை. என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். பேனலைப் பின்சரிவுக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று கேட்டாள்.

"மாத்தக் கூடாதும்மா. அஞ்சு வருஷம் மாட்டின எடத்துலயே இருக்கணும். எடுத்தா மானியத்தைத் திருப்பிக் கட்டணும்."

"மர நிழல்ல கரண்டே வரலயே சார்."

"மாட்டறதுதான் எங்க பிரிவு. கரண்டு வருதா இல்லயாங்கறது எங்க பிரிவு இல்ல."

"அது எந்தப் பிரிவுய்யா?" என்றேன் நான்.

"அந்தப் பிரிவு இன்னும் ஆரம்பிக்கல."

மனுஷன் சிரிக்காமல் சொன்னார். மின்விசிறி மட்டும் அவர் தலைக்கு மேல் நன்றாகச் சுற்றியது. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. "அப்ப நல்லா நடக்குதான்னு எதை வெச்சுப் பார்ப்பீங்க?"

"வருஷா வருஷம் ஆய்வுக்கு வருவோம்மா. சாலையில நின்னு ஒரு படம் எடுப்போம்."

தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்கக்கா, ஐயா நல்ல யோசனை சொல்லிட்டாரு."

வீட்டுக்கு வந்து புருஷன் முன்னால் நின்றாள். "பேனலைப் பின்னாடி மாத்தப்போறோம். முன்னாடிக்கு அதே மாதிரி துணியில நீங்க தைச்சுக் குடுங்க."

"துணியிலயா? என் போர்டு இருக்கற எடத்துலயா?"

"போர்டு இருக்கட்டும். உங்க பேரு எரியறதுக்குக் கரண்டு வேணாமே."

இவன் என்னைப் பார்த்தான். "என்னை ஏன்டா பாக்குற? மிஷின்ல போய் உக்காரு" என்றேன்.

கருநீலத் திரைத்துணி, கட்டம் கட்டமாக வெள்ளைப் பைப்பிங், ஓரத்தில் சாம்பல் பட்டை. மரச்சட்டத்தில் இழுத்து அடித்தபோது சாலையில் நின்று பார்த்த எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை, தன் கல்யாணச் சட்டை உட்பட. பழைய ஃபிட்டரே வந்து பட்டப்பகலில் பேனலை மாற்றினான். ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, பேனலுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டான். அதற்கப்புறம் மதியங்களில் மிஷின்கள் ஓடின. சீருடை நேரத்துக்குப் போனது, ஆர்டர் எங்களிடமே நின்றது.

ஆய்வுக்கு அதிகாரி வந்தார். வண்டியை விட்டு இறங்கிச் சாலையில் நின்று படம் எடுத்தார். அப்போது மின்சாரம் இல்லை, ஆனால் கூடத்துக்குள் ஆறு மிஷினும் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. காற்றில் ஒரு பேனல் வயிறு மாதிரி உப்பி அடங்கியது. தம்பிக்கு வேர்த்துக் கொட்டியது. அதிகாரி தான் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூரையை எங்கே பார்த்தார்!

"பாத்தீங்களாம்மா?" என்றார் என்னிடம். "நிழல் நிழல்னு சண்டைக்கு வந்தீங்க. இப்ப ஓடுதா இல்லையா?"

"உங்க புண்ணியத்துல ஓடுதுய்யா."

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் கூடத்தை மாதிரிக் கூடம் என்று மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். இனி எல்லாச் சங்கமும் சாலைப் பக்கச் சரிவில்தான் மாட்ட வேண்டும் என்று விதியே வந்துவிட்டது.

அதனால் இப்போது தெருத்தெருவாகச் சங்கத் தலைவர்கள் என் தம்பியைத் தேடி வருகிறார்கள், கையில் அவரவர் கூரையின் நீள அகலத்தோடு. திறப்பு விழாவுக்குப் போக இவனுக்கு நேரமில்லை. கத்திரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறான். பெண்டாட்டி ஒதுக்கிய மூலை மிஷினில் உட்கார்ந்து, பின்சரிவு வெயிலில் ஓடும் மோட்டாரில், கருநீலத் துணிக்கு வெள்ளைப் பைப்பிங் வைத்துக்கொண்டிருக்கிறான் தலைவர்.