பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு சங்கிலி

என் அம்மாவுக்கு நகை செய்யும் பத்தர்கள் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. மெருகு போடக் கொடுத்தால் ஒரு குன்றிமணி எடையாவது அவர்கள் நகக்கண்ணுக்குள் போய்விடும் என்பாள். அதனால் அவளுடைய தாலிச் சங்கிலி எந்த நகைக்கடைப் படியும் ஏறியதில்லை. மெல்லிய முறுக்குச் சங்கிலி அது. தினமும் பூசிக் குளிக்கும் மஞ்சளும் சோப்பும் கண்ணிகளுக்குள் இறுகி, நாளடைவில் சங்கிலியா சணல் கயிறா என்று சந்தேகம் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை அதைக் கழுவுவது என் வேலை.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அம்மா ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வாள். அதன் பிறகே சங்கிலி தாலியோடு இறங்கும். கண் இமைக்கும் நேரம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. நான் பூந்திக்கொட்டையை விதை நீக்கி, கை பொறுக்கும் வெந்நீரில் ஊறவைத்து நுரைக்கப் பிசைவேன். சங்கிலி அதில் ஒரு மணி நேரம் கிடக்கும். பிறகு தேய்ந்துபோன பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் துலக்கி, இன்னொரு பாத்திரத்து நீரில் அலசி, அப்பாவின் பழைய வேட்டித் துண்டில் படுக்கவைப்பேன். சாக்கடைப் பக்கம் பாத்திரத்தைக் கொண்டுபோனால் அம்மாவின் கத்தல் தேக்கா சந்தை வரைக்கும் கேட்கும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். தீவின் வடகோடியிலுள்ள செம்பவாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்திருந்தேன். பாயசம் கிடைக்காத ஒரு சின்னப் பிள்ளைக்குத் தன் பாயசத்தைத் தள்ளிவைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன். எனக்கு அவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வருவதாகப் பேச்சு. சம்பந்தி வீட்டார் முன்னால் கழுத்து பளிச்சென்று இருக்கட்டும் என்று அம்மா அன்று மதியம்தான் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர்களோ யாருடைய லாரியிலோ இடம் கிடைத்ததென்று இரண்டரை மணிக்கே படியேறிவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. நான் நுரையும் கையுமாக அடுப்படியிலேயே மாட்டிக்கொண்டேன், கதவிடுக்கில் கூடம் முழுக்கத் தெரிந்தது.

எங்கள் ஜனங்களிடையே தாலி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டு தொங்கினால் ஒரே அர்த்தம்தான். நகை அடகுக் கடையில் இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் என் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கழுவப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் சமாளிப்பதுபோல ஆகிவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. அப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது?

“தப்பா நினைச்சுக்காதீங்க லா. சங்கிலி வீட்டுலதான் இருக்கு” என்றார், இந்த ஊர் ‘லா’வையும் சேர்த்து.

யாரும் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அப்பாவின் வாயில் அந்த நுரையை அப்படியே ஊற்றலாமா என்றிருந்தது எனக்கு.

“தண்ணி குடிச்சுட்டு வர்றேன், நீங்க இருங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நேராக அடுப்படிக்கு வந்தார். நான் பழைய சேலையில், முழங்கை வரை நுரையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் போனால் போகட்டும், என் அம்மா அப்பாவைப் பொய்க்காரர்களாக்க விடமாட்டேன் என்று ஒரு வேகம். சங்கிலியைத் தாலியோடு நுரையிலிருந்து தூக்கிக் காட்டினேன்.

“இதோ பாருங்க. எங்கயும் போகல.”

அவர் பார்த்தார். முகம் தெளியவில்லை, இன்னும் வாடியது. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“உங்களுதையும் கழட்டிக் குடுங்க, கழுவித் தர்றேன். மஞ்சக் கயிறு இருக்கு” என்றேன்.

அவர் கை சட்டென்று தன் சங்கிலியைப் பொத்தியது. வாசற்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வேணாந் தாயி. இது கவரிங்கு. வெந்நீர் பட்டா வெளுத்துரும்.”

நான் தூக்கிப் பிடித்திருந்த சங்கிலியை மெல்லத் தாழ்த்தினேன்.

“என்னோடது மவ கல்யாணத்துல அடகுக்குப் போனது, இன்னும் திருப்பல. எங்க கண்டுபுடிச்சுருவீங்களோன்னு வழியெல்லாம் பயந்துகிட்டே வந்தேன். உங்கம்மா கழுத்துல கயித்தப் பார்த்ததும்தான் மூச்சு வந்துச்சு. நம்மள மாதிரி வீடுதான்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப இதக் காட்டிட்டியே” என்றார்.

அந்த நிமிஷத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மகனைப் பிடித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே என்று இப்போது சொல்லலாம், கேட்டுச் சண்டைபிடிக்க என் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். “ஆச்சா புள்ள? துடைச்சுக் குடு, போட்டுக்கிறேன்.”

சங்கிலி என் கையில் தகதகவென்று இருந்தது. துடைத்தால் போதும், அம்மாவின் மானம் திரும்பிவிடும். நான் அதை மறுபடி நுரைக்குள் விட்டேன்.

“இன்னும் அழுக்கு போகலம்மா. ஊறட்டும்.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா என் ஈரக் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் கிளம்பும்வரை அம்மா மஞ்சள் கயிற்றோடுதான் உட்கார்ந்திருந்தாள். நான் சேலை மாற்றி வந்து விழுந்து கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா தன் கொண்டையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்து, “எங்களுக்குச் சம்மதம்” என்றார்.

அவர்கள் படியிறங்கியதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவளை ஊரார் முன்னால் இல்லாதவளாய் உட்காரவைத்த மகள் நீ என்று அழுதாள். காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் மன்னித்திருப்பாள். மறுநாளே அந்தக் கவரிங் சங்கதி நாலு வீட்டுக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அம்மா கண்ணை மூடும்வரை அன்று நடந்ததைச் சொல்லிக்காட்டினாள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.