நண்டுக் குழம்பு வைத்த வீடு

நர்சிங் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்காவது போய்விடும். அரசு உதவித்தொகை கைக்கு வர நாளாகும் என்றார்கள். அதனால் ஏழைப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விண்ணப்பத்தை யாரிடமும் கேட்காமல் நானே நிரப்பினேன். சான்றிதழ்கள் எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றுதான் பாக்கி: அறக்கட்டளைக்காரர்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.

நாம் எவ்வளவு கஷ்டப்படுகிறோம் என்று பார்க்கத்தான் வருகிறார்கள் என்று அம்மாவிடம் விளக்கமாகச் சொன்னேன். ஆட்கள் வருகிறார்கள் என்பதை மட்டும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"மத்தியானமா?"

"மத்தியானந்தான். எதுக்குக் கேக்குற?"

அம்மா அம்மியைக் கழுவப் போய்விட்டாள்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவுக்குச் சொந்த வள்ளம் கிடையாது. மாரியூர்க் கரையில் அடுத்தவர் வள்ளத்தில் நண்டு வலைக்குப் போவார். கிடைப்பதில் ஒரு பங்கு அவருக்கு. அந்த நண்டு எங்கள் அடுப்புக்கு வராது. கரையிலேயே வியாபாரி எடை போட்டு, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். கால் ஒடிந்தது, சதை இல்லாதது என்று கழித்துப் போட்டால் எப்போதாவது வீட்டுக்கு வரும். அவர்கள் வருகிற நாளன்று அய்யா தன் பங்குக்குக் காசு வாங்கவில்லை. நல்ல நண்டாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன, மாப்ள வீட்டுக்காரவுக வாராகளா?" என்று வியாபாரி கிண்டலாகக் கேட்டாராம்.

"மக படிப்புக்கு வாராக" என்றாராம் அய்யா.

வந்தவர்கள் இருவர். ஒருவர் அய்யா வயதுக்காரர். இன்னொருவர் இளம் பெண். கூரைத் தகரத்தையும் சுவர் வெடிப்பையும் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். படம் எடுத்து முடித்ததும் அம்மா இலையைப் போட்டாள். இருவரும் மறுக்கவில்லை. நண்டுக் காலை அம்மா குழவியால் தட்டித் தட்டி உடைத்து வைத்தாள். அந்த ஆள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இந்த ருசி ஓட்டல்ல வராதும்மா."

"அடுத்த தடவ சொல்லிட்டு வாங்க சார், இறாலு எடுத்து வைக்கிறேன்" என்றாள் அம்மா. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சில நாள் கழித்து அந்த ஆளே போன் செய்தார்.

"உனக்கு இல்லம்மா. வேற எங்கயாவது முயற்சி பண்ணு."

"ஏன் சார்?"

"வீட்டப் பாத்தோம்ல. நண்டு, இறாலுன்னு நல்லாத்தானே சாப்பிடுறீங்க? உங்களவிடக் கஷ்டப்படுற பிள்ளைங்க இருக்காங்க."

"அன்னைக்கு நண்டு சாப்பிட்டது நீங்கதான சார்?"

போன் துண்டிக்கப்பட்டது.

நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. வந்தவனுக்குச் சோறு போடுவதற்கும் வசதிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் தெருவில் யார் வீட்டில் போய்க் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பட்டம் வாங்கிய ஒருவருக்கு, அதுவும் ஏழைகளைக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்திருக்கிறவருக்கு, இது தெரியவில்லை. அவர் மனதில் ஏழை என்றால் ஒரு படம் இருக்கிறது. அதில் நாங்கள் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அம்மா சிரித்துவிட்டாள்.

அன்றைக்கே அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கெஞ்சவில்லை. நடந்ததை அப்படியே சொல்லி, என் விண்ணப்பத்தில் ஒரு பொய் இருந்தால் காட்டுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்த அம்மையார் கொஞ்சம் யோசித்தார். மறுபடியும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

"இந்தத் தடவ முன்கூட்டிச் சொல்லமாட்டாங்க" என்றும் சொன்னார். திருடன் வீட்டுக்குப் போலீஸ் வருவதுபோல வருவார்களாம்.

வந்தார்கள். அதே இருவர், ஒரு காலை நேரம். அய்யா கடலுக்குப் போயிருந்தார். அந்த ஆள் என்னைப் பார்க்காமல் நேராக அடுப்படிக்குப் போனார். அம்மா எழுந்து முந்தானையைச் சரி செய்வதற்குள், சட்டி மூடியை அவரே திறந்தார். முந்தின நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு. பக்கத்துப் பானையில் பழைய சோறு, நீரோடு. அதையும் திறந்தார். "இத எடுத்துக்கம்மா" என்றார். அந்தப் பெண் படம் எடுத்தார்.

அம்மா பானையை மூடினாள். நான் பேசினேன்.

"சார், எங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொறந்திருக்கலாம்."

"நீதானம்மா மறுபடியும் வரச் சொன்ன?" என்றார். அவர் முகத்தில் இப்போது நிம்மதி தெரிந்தது. தேடி வந்தது கிடைத்துவிட்டது.

வாசலில் அவர்கள் செருப்பு மாட்டும்போது அம்மா கையில் தட்டோடு வந்துவிட்டாள்.

"உக்காராமலே போறீகளே சார். இருக்கிறதச் சாப்பிட்டுப் போங்க."

"இல்லம்மா, நாங்க வெளிய எதுவும் சாப்பிடுறதில்ல."

அந்தப் பெண் மட்டும் தலை குனிந்துகொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பணம் கொடுக்கலாம் என்று எந்தச் சோறு அவருக்குக் காட்டியதோ, அந்தச் சோறு அவர் வாய்க்கு ஆகவில்லை.

பணம் வந்தது. மாதம் முடிவதற்குள் கட்டினேன். இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு நன்றி தெரிவித்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், நான் எழுதவில்லை. படிக்க எனக்குத் தகுதி இருந்தது. அதற்குச் சட்டி மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டியதில்லை.

பணம் கிடைத்த செய்தி வந்த அன்று அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "கெடச்சிருச்சும்மா" என்றேன். கையைக் கழுவிவிட்டு என் கன்னத்தைத் தடவினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக மறுபடி உட்கார்ந்தாள்.

"பாவம், ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டாக" என்றாள். "நண்டா இருந்திருந்தாச் சாப்பிட்டிருப்பாக."