மரத்த காலோடு ஆனைமலைக்கு

கோயம்புத்தூருக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் அந்தத் தண்ணீரில் விழுந்ததைப் பற்றி எழுதப் போகிறேன்.

1995 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. சென்னை ரயில் காலை ஆறரைக்குக் கோவை சந்திப்பில் நின்றது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் காந்திபுரத்தில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜில் குளித்து உடை மாற்ற அறை எடுத்தேன். மறுநாள் ஆனைமலையில் என் தங்கை ருக்மணியின் மகளுக்குக் காதுகுத்து. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவார்கள். குத்தியதும் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றிவந்து சாமி முன்னால் நிற்க வேண்டும்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாகவே நடக்கும்போது தரை மெத்தை போல அமுங்கிக் கொடுக்கிறது. சென்னை டாக்டரிடம் சொன்னேன். ரத்தத்தைப் பார்த்தார், மாத்திரையை மாற்றினார், காலையில் வாக்கிங் போகச் சொன்னார். என் காலை மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது மேஜைக்கு அடியில் இருந்தது, அவர் குனிய வேண்டியிருந்திருக்கும்.

லாட்ஜ் குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். அவ்வளவுதான். அடுத்த நொடி நான் தரையில் கிடந்தேன், வாளி உருண்டுகொண்டிருந்தது. முழங்கை கிழிந்து ரத்தம். சத்தம் கேட்டு மேலே வந்த மேனேஜர் என்னையும் தரையையும் பார்த்தார்.

"ஏனுங்க சார், விடிஞ்சும் விடியாததுமா ஏத்திப்போட்டீங்களா? லாட்ஜுல நாலு குடும்பம் தங்கியிருக்குதுங்க."

"நான் குடிக்கறதில்லைங்க."

"சரிங்க சார், சரிங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். இந்த ஊரில் அவமானத்தைக்கூட 'ங்க' போட்டுத்தான் பரிமாறுகிறார்கள். அதனால் அது இனித்துவிடுவதில்லை.

ஒன்பது மணிக்குப் பின்தெருவில் ஒரு சின்ன கிளினிக்கில் தையல் போடப் போனேன். டாக்டர் ஒரு பெண்மணி. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். குளிக்கும்போது வழுக்கிவிட்டது என்றேன், எட்டு வருஷச் சர்க்கரையையும் சொன்னேன். கண்ணில் சோப்பு இருந்ததா என்றார். ஆமாம் என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஷூவைக் கழட்டுங்க."

"அடி முழங்கையிலதானுங்க."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க."

கழற்றினேன். இடது ஷூவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. முந்தின நாள் காலையில் வீடு முழுக்கத் தேடிய பொத்தான் அது. சென்னையிலிருந்து அதை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். உள்ளங்காலில் வட்டமாகக் கன்றிப் போயிருந்தது, நான்கு துளைகளின் அச்சு உட்பட.

அவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் கால் கட்டைவிரலைப் பிடித்து, மேலே மடக்குகிறாரா கீழே மடக்குகிறாரா என்று கேட்டார். விரலைப் பிடித்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் சொன்னேன், தப்பாகப் போயிற்று. பிறகு கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், மரம் சாய்வது போலச் சாய்ந்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நெலம் எப்படி இருக்குதுன்னு பாதந்தான் மூளைக்குச் சொல்லணுமுங்க. உங்க பாதம் சொல்றதை நிறுத்திப்போட்டுது. இப்பக் கண்ணை வெச்சுத்தான் நிக்கறீங்க. கண்ணையும் மூடுனா நிக்கறதுக்கு எதுவுமில்லை. இருட்டுல நடக்காதீங்க. வெறுங்கால்ல நடக்கவே நடக்காதீங்க. தெனமும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க."

"நாளைக்குக் கோயில்ல கொழந்தையத் தூக்கிட்டு நடக்கணுமுங்க. வெறுங்கால்லதான்."

"உக்காந்துட்டு மடியில வெச்சுக்குங்க. தூக்கிட்டு நடக்காதீங்க. கொழந்தை மேல நீங்க விழுந்தா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க."

தையலோடு தெருவில் வந்து நின்றபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஷூவைக் கழற்றச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு மூன்று வருஷமா? அதற்குள் எத்தனை இடத்தில் விழுந்துவிட்டேன்! இரண்டு வருஷத்துக்கு முன் பொள்ளாச்சியில் ஒரு உறவினர் வீட்டுப் புதுமனை விருந்தில் கரண்ட் போன நேரத்தில் பந்தி இலைகளின் மேலேயே விழுந்தேன். சாம்பார் வாளியோடு ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவுன் பஸ்ஸில் உக்கடம் போய், அங்கிருந்து பொள்ளாச்சி பஸ் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். ஈச்சனாரி தாண்டியதும் இரண்டு பக்கமும் புளியமரங்கள். அந்தச் சாலையின் நிழலைப் பாராட்டி ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததெல்லாம் பஸ்ஸின் தரையில் இருந்த என் ஷூவைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்டு வியாபாரி என் முழங்கைக் கட்டைப் பார்த்துக் கேட்டார்.

"கை என்னுங்க ஆச்சு?"

"விழுந்துட்டேனுங்க."

புரிந்துகொண்டவர் போலத் தலையை ஆட்டினார். "எம்பட மச்சானும் இப்பிடித்தானுங்க இருந்தாப்ல. பாலக்காட்டுல ஒரு வைத்தியரு சோத்துல மருந்து கலந்து குடுக்கறாருங்க. இப்பத் தொடறதே இல்லை." கிணத்துக்கடவு வருவதற்குள் அந்த வைத்தியருக்கு வழி சொல்லி முடித்துவிட்டார்.

பொள்ளாச்சியில் பஸ் மாறி மூன்று மணிக்கு ஆனைமலை. ருக்மணி வாசலுக்கு ஓடிவந்து, "வாங்ணா!" என்றாள். மாப்பிள்ளை பழனிச்சாமி தேங்காய்க் களத்திலிருந்து வந்து, வழக்கத்தைவிடப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்க மச்சான், பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்றார். கையைக் காட்டி நடந்ததையெல்லாம் தங்கையிடம் சொன்னேன். பாதம், மூளை, பொத்தான், எதையும் விடவில்லை. நடக்கும்போது பிள்ளையை மாப்பிள்ளையே தூக்கிக்கொள்ளட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டு முடித்துச் சொன்னாள். "சரிங்ணா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் ஒழுங்கா இருந்துக்குங்ணா. அத்தனை ஒறம்பரை சனமும் வருது."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கோயில், மாப்பிள்ளை வீட்டாரின் குலதெய்வமான அம்மன் கோயில். வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒவ்வோர் அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்தேன். பொங்கல் பானைகளிலிருந்து வழிந்த கொதிதண்ணீர் கல்தளமெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் சுடுகிறது என்று துள்ளித் துள்ளிப் போனார்கள். எனக்குச் சுடவில்லை. "மச்சான் நெம்ப பக்தி" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. உட்கார்ந்தபடி என்னைவிட உறுதியாகப் பிள்ளையைப் பிடிக்க யாராலும் முடியாது. பாப்பா அலறி, அழுது, என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். கூட்டத்தில் சலசலப்பு. தாய்மாமன் தூக்கமாட்டேன் என்றால் குடித்திருக்கிறான் என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்? ருக்மணியின் முகம் சுண்டிப் போயிற்று.

சுற்றிவந்து சாமி முன்னால் நின்றோம். தூணைப் பிடிக்கலாம் என்றால் தூணருகில் பெண்கள் கூட்டம். விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூசாரி கட்டிக் கற்பூரத்தைத் தட்டு நிறையக் கொளுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினார். புகை கண்ணைக் கரித்தது. கண் தானாக மூடிக்கொண்டது.

முன்னால் சாய்ந்தேன், பின்னால் சாய்ந்தேன். உடுக்கை அடித்தவர் அதைப் பார்த்திருக்கிறார். என் காதருகில் வந்து இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்க ஆரம்பித்தார்.

"ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!"

இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் கொட்டியது. நேற்றுக் காலையில் விழுந்தால் குடிகாரன், இன்றைக்குக் காலையில் ஆடினால் அம்மன். என்னை நோயாளி என்று சொல்ல இந்த ஜில்லாவில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், அவரும் காந்திபுரத்தில் இருந்தார். நெஞ்சு வெடித்துவிடும் போலக் கோபம் வந்தது. கண்ணைத் திறந்தேன். குனிந்து பார்த்தால் என் இரண்டு பாதங்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு ருக்மணி கிடக்கிறாள். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ. பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தாயே, எங்கண்ணன் எனக்கு அப்பன் மாதிரி. ஒறம்பரையெல்லாம் சொல்றப்ப நானு நம்பல. இப்ப நான் பெத்த புள்ளையத் தூக்கக்கூட அவுங்களால முடியலியே. அந்தக் குடிய நிறுத்திக் குடு தாயே!"

"அம்மணி, நான் குடிக்கறதில்ல கண்ணு" என்றேன். உடுக்கைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள், நேற்று முழுக்க அதைத்தானே சொன்னேன்! சரி, என் பேச்சுக்கு மதிப்பில்லை என்றால் மதிப்புள்ளவளே பேசட்டும். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"உங்கண்ணன் குடிக்கறதில்லடீ! அவன் கால் செத்துப்போச்சு! நீ புடிச்சிருக்கறதே அவனுக்குத் தெரியாது! செருப்பில்லாம அவனை நடக்க உடாதே!"

உடுக்கை நின்றது. ருக்மணி என் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெந்து கொப்புளம் கட்டியிருந்தது. அவள் விரலால் அழுத்திவிட்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். பிறகு எழுந்து வேப்பமரத்தடிக்கு ஓடினாள். ஷூவோடு அவள் உள்ளே வந்ததை ஒரு ஆளும் தடுக்கவில்லை. அம்மன் உத்தரவாயிற்றே.

திங்கட்கிழமை காலை ஆனைமலை பஸ் நிறுத்தம். பாதம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்ததால் மாப்பிள்ளையின் பெரிய செருப்பை மாட்டியிருந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை.

"சனிக்கிழமையே சொன்னனே அம்மணி, ஏன் நம்பல?"

"குடிக்கறவங்க அத்தனை பேருமே குடிக்கலைன்னுதானுங்ணா சொல்றாங்க" என்றாள். அவள் என்னைக் கல்பலகையில் உட்காரச் சொன்னாள். சரியாக உட்கார்ந்துவிட்டேனா என்று பார்த்தாள். அப்புறம்தான் பிள்ளையை மடியில் கொடுத்தாள். பாப்பா இறங்கி என் செருப்பின் மேல் ஏறி நின்று, ஆடி, பொத்தென்று உட்கார்ந்தாள். நிறுத்தத்தில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். விழுவதற்குக் கைதட்டு வாங்கும் வயது அது, இருக்கட்டும்.

பஸ் வந்தது. முழுதாக நிற்கவில்லை. சென்னையிலும் நிற்காது, அந்த விஷயத்தில் ஊருக்கு ஊர் வித்தியாசமில்லை. கம்பியைப் பிடித்துப் படியைக் குனிந்து பார்த்துக் காலை வைத்தேன், தவறியது.

"ஏனுங்க, காலங்காத்தாலயேவா?" என்று கண்டக்டர் சிரித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பஸ்ஸின் தகரத்தில் படபடவென்று அடி விழுந்தது. இடுப்பில் பிள்ளையோடு ருக்மணி.

"ஏனுங்க! ஆரைப் பாத்துங்க சொல்றீங்க? எங்கண்ணன் குடிக்கலீங்க! அவுங்களுக்குக் கால்ல உணர்ச்சி இல்லீங்க! வண்டிய நிறுத்துங்க! கையப் புடிச்சு ஏத்துங்க!"

அத்தனை கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. பஸ் நின்றது. கண்டக்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் குனிந்து கையை நீட்டினார். அவர் பிடித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.